நடை வேகத்தில் நிற்காத கார்

மெர்டேக்கா என்று நம் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், மே மாதம், மலாக்காவில் காஜா பேராங் சாலையில் போன ஒரு கல்யாண ஊர்வலத்தில் கார் ஒன்று தவில்காரரின் காலில் ஏறிவிட்டது. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா, பயந்துகொண்டு கேட்க வேண்டாம். இதில் யாரும் சாகவில்லை. தவில்காரர் நடராஜனுக்குக் கணுக்கால் எலும்பு விரிசல் விட்டுப்போனது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் படுக்க வைத்தார்கள்.

காரை ஓட்டியவர் தம்பிராஜா. அவர் குடித்துவிட்டு ஓட்டினார் என்று அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் பேசி முடித்துவிட்டது. தம்பிராஜா குடிக்காத மனிதர். குடிக்காதவர் குடிக்கவில்லை என்பதற்கு எதைக் கொண்டுபோய்க் காட்டுவார்? கார் நிற்கவில்லை என்றுதான் காட்ட வேண்டும். அந்தக் காரோ மற்ற எல்லார் முன்னாலும் ஒழுங்காக நின்றது.

கார் தம்பிராஜாவின் முதலாளி சேதுராமனுடையது. தோட்டங்களுக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் மொத்தமாகப் போடுகிற வியாபாரி அவர். ஜனவரியில் சிங்கப்பூருக்குப் போய் அந்தக் காரை வாங்கி வந்தார். ஆல்டர்மியர் என்று பெயர். இங்கிலாந்தில் செய்தது. கரும்பச்சை நிறம், உள்ளே தோல் இருக்கை, ஓட்டுபவருக்கு முன்னால் தேக்குப் போல வழவழவென்று பலகை. கிளச்சும் கிடையாது, கியரும் மாற்ற வேண்டியதில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், பழகிய மாடு மாதிரித் தானாக நகரும்.

வாங்கிய நாளில் நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அதற்கப்புறம் மலாக்காவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அந்தக் கார்தான். வாடகை கிடையாது. காரைக் கழுவி மாலை கட்டுவது கல்யாண வீட்டார் பொறுப்பு, ஓட்டுநருக்கு ஒரு வேட்டி, அவ்வளவுதான். "கேட்டவனுக்கு இல்லைன்னு சொல்றதுக்கா இவ்வளவு பெரிய காடி?" என்பார் சேதுராமன்.

ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்த ஐந்து மாதத்தில் சேதுராமன் கம்பெனிக்கு நான்கு கடிதம் எழுதியிருந்தார். முதல் கடிதம் கண்ணாடி இறங்கினால் ஏறவில்லை என்று. இரண்டாவது, மழையில் துடைப்பான் பாதியில் நின்றுவிடுகிறது. மூன்றாவது, வெயிலில் தண்ணீர் கொதிக்கிறது. நான்காவது, பின்கதவு ஓடும்போது திறந்துகொண்டது. நல்லவேளை, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது ஒரு பலாப்பழம். ஒவ்வொன்றுக்கும் கெட்டிக் காகிதத்தில் மரியாதையான பதில் வந்தது. சேதுராமன் அதையெல்லாம் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு வெளியே வந்து, "இந்த மாதிரிக் காடி கிடையாதுப்பா" என்று சொல்வார். குறை கம்பெனிக்கு, பெருமை ஊருக்கு என்று பிரித்து வைத்திருந்தார்.

ஊர்வலத்துக்கு வருவோம்.

பொன்னம்மா என்று ஒருத்தி. அவள் மகள் ஜெயாவுக்குக் கோயிலில் தாலி கட்டி, பத்து மணிக்கு மாப்பிள்ளையையும் பெண்ணையும் காரில் ஏற்றினார்கள். முன்னால் மேளம். நல்லையா நாயனம், நடராஜன் தவில். ஊர்வலம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். மேளம் எவ்வளவு மெதுவாக நடக்கிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் கார் போக வேண்டும். ஒவ்வொரு முச்சந்தியிலும் மேளக்காரர்கள் நின்று, திரும்பி, மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து ஒரு உருப்படி வாசிப்பார்கள். அவர்கள் நின்றால் காரும் நிற்க வேண்டும். கோயிலிலிருந்து பொன்னம்மா வீடு அரை மைல்கூட இல்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று.

கடைசி முச்சந்திக்கு முன்னால் ஒரு சின்னப் பாலம், அதிலிருந்து சாலை கொஞ்சம் இறங்கும். மேளம் இறங்கி நின்றது, திரும்பியது. நடராஜன் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். தம்பிராஜா பிரேக்கை மிதித்தார். கல்லை மிதிப்பது போல இருந்தது. இரண்டு காலாலும் மிதித்தார். கார் அவசரமே இல்லாமல், வீட்டுக்கு வருகிற விருந்தாளி போல, நடராஜனை நோக்கி நடந்தது. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்துவதற்குள் ஒரு முழம் தாண்டிவிட்டது. அந்த ஒரு முழத்தில் நடராஜனின் கால் இருந்தது.

சாலை ஓரத்தில் நின்ற ஒருவர்தான் ஆரம்பித்தார். "கல்யாண வீட்டுல ஊத்திக் கொடுத்திருப்பாங்க."

"கொடுத்தது பானகம்ங்க" என்றார் தம்பிராஜா.

"பானகம் குடிச்சவன் ஆளு மேல ஏத்துவானா? கள்ளுக்கடை தோ இருக்கு, நாலு வீடு தள்ளி."

மறுநாள் தம்பிராஜா பார்க்கப் போனபோது நடராஜன் சொன்னார். "கண்ணத் தொறந்தேன், உன் மூஞ்சிதான் தெரிஞ்சுது. ஒரு மாதிரியா இருந்துச்சு. குடிச்சிருந்தா குடிச்சேன்னு சொல்லிடு தம்பிராஜா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இல்லைன்னு மட்டும் சொல்லாத."

தம்பிராஜா கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் லைசென்ஸை வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டார். "கார் கம்பெனிக்காரன் வந்து பார்க்கட்டும். கார் மேல தப்புன்னா நீ வாங்கிட்டுப் போ. கார் சரியா இருந்தா கேஸு, லைசென்ஸை மறந்திடு" என்றார். பதினாறு வருஷம் ஓட்டியவர் தம்பிராஜா. ஜப்பான்காரன் காலத்தில் லாரி ஓட்டியவர். வேறு தொழில் தெரியாது.

ஒரு வாரத்தில் சிங்கப்பூரிலிருந்து ஹாலம் என்கிற துரை வந்தார். கம்பெனி இன்ஜினியர். சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு காரின் அடியில் படுத்துப் பார்த்தார், சேதுராமனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் ஊருக்கு வெளியே தம்பின் சாலையில் ஓட்டிப் பார்த்தார். ஐம்பது மைல் வேகத்தில் போய் நிறுத்தினார், அறுபதில் நிறுத்தினார். பிரேக்கில் குறை இல்லை என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்.

சேதுராமனுக்குச் சந்தோஷமும் கஷ்டமும் ஒன்றாக வந்தன. கார் நல்ல கார் என்று துரையே சொல்லிவிட்டார். அப்படியென்றால் ஓட்டுநர்?

"மிதிச்ச இடத்துல நின்னுச்சுப்பா" என்றார் தம்பிராஜாவிடம். "என் நெத்தி கண்ணாடியில இடிக்கப் பார்த்துச்சு."

"அம்பது மைல்ல நிக்கும் முதலாளி. நானும்தான் தினம் நிறுத்துறேன்."

"அப்புறம் என்ன?"

"அன்னைக்கு நாம அம்பது மைல்ல போகலையே."

"அம்பதுல நிக்கிற காடி அஞ்சுல நிக்காதா? சொல்றதை யாராச்சும் கேட்டா சிரிப்பாங்க தம்பிராஜா."

தம்பிராஜா சிரிக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் பத்து நாள் முதலாளி கடையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஜெயாவைப் பற்றிச் சொல்கிறேன். கல்யாணம் முடிந்து, கார் கொடுத்தவர்கள் என்ற மரியாதைக்காகப் பொன்னம்மா மகளை அழைத்துக்கொண்டு, வெற்றிலை பாக்கும் பலகாரமும் எடுத்துக்கொண்டு சேதுராமன் வீட்டுக்கு வந்தாள். சேதுராமன் மனைவி சிவகாமசுந்தரி பாய் விரித்தாள். ஜெயா உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"என்னடி, புதுப்பொண்ணு கெழவி மாதிரி உக்கார்ற?"

"முட்டி வலிக்குது பெரியம்மா."

"ரெண்டு முட்டியுமா?"

சிவகாமசுந்தரி புடவையை விலக்கிப் பார்த்தாள். இரண்டு முழங்காலிலும் குறுக்கே ஒரே கோடாகக் கன்றிப்போன தழும்பு, பழுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை அடிச்சாரா?"

"ஐயையோ, இல்ல பெரியம்மா. அன்னைக்குக் காடியில முன் சீட்டு பின்னால வந்து இடிச்சுச்சு. டிரைவர் அண்ணன் பின்னாடிதான் நான் உக்கார்ந்திருந்தேன். அப்படியே வந்து அமுக்கிப் பிடிச்சுக்கிச்சு. எடுக்கவே முடியல."

"எப்ப? தவில்காரர் கத்தினப்பவா?"

"அதுக்கு முன்னாடி. முட்டி நசுங்கி நான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், அப்புறம்தான் அவரு கத்துனாரு."

சிவகாமசுந்தரி காரின் முன் இருக்கையை நினைத்துப் பார்த்தாள். அந்த இருக்கை ஒரே பலகை போன்ற நீள இருக்கை. அதில் உட்கார்ந்த ஆள் காலை முன்னால் ஊன்றி முதுகைப் பின்னால் கொடுத்து மொத்த பலத்தோடும் தள்ளினால்தான் அது அசையும். குடித்துவிட்டு மயங்கிக் கிடப்பவன் தள்ள மாட்டான்.

"இதை ஏன்டி நீ இத்தனை நாள் சொல்லல?"

ஜெயா அம்மாவைப் பார்த்தாள். "கல்யாணப் பொண்ணு வாயைத் தொறக்கக் கூடாதுன்னு அம்மாதான் சொன்னாங்க. தலை நிமிரக் கூடாதுன்னும் சொன்னாங்க. நான் முட்டியைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன்."

"அன்னைக்குச் சொன்னா, அதையே பிடிச்சுக்கிட்டு இன்னுமா இருப்ப?" என்றாள் பொன்னம்மா.

"யாரும் கேக்கலையேம்மா."

அது நிஜம். போலீஸ்காரர் மாப்பிள்ளையைக் கேட்டார், மேளக்காரர்களைக் கேட்டார், கள்ளுக்கடைக்காரனைக்கூடக் கேட்டார். காருக்குள் தலை குனிந்து உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் சேதுராமன் வந்ததும் சிவகாமசுந்தரி சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "துரை பார்த்துட்டாரே" என்றார்.

"துரை காடியைப் பார்த்தாரு. இது முட்டி. முட்டி எதுக்குப் பொய் சொல்லுது?"

மறுநாள் காலையில் சேதுராமனும் தம்பிராஜாவும் அப்துல் ஹமீதின் பட்டறைக்குப் போனார்கள். சேதுராமன்தான் காரை ஓட்டினார். அவர் ஓட்டுவது அபூர்வம். ஹமீது அந்தச் சாலையிலேயே லாரிகளைப் பழுது பார்ப்பவர். பெரிய காரை அவரிடம் கொடுப்பது கௌரவக் குறைச்சல் என்று அதுவரை சேதுராமன் அந்தப் பக்கம் போனதே இல்லை.

"வாங்க முதலாளி, வழி தவறிட்டீங்களா?" என்றார் ஹமீது.

"பாய், கிண்டல் அப்புறம். இதுல பிரேக்கு எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க."

ஹமீது ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் போய் ஒரு மணி நேரம் கிடந்தார். வெளியே வந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"லாரியில உங்க கால் பலம்தான் பிரேக்கு. இதுல அப்படி இல்ல. இது எவ்வளவு பெரிய எடை. கால் பலம் பத்தாதுன்னு வெள்ளைக்காரன் ஒரு வேலை பண்ணியிருக்கான். காடி ஓடும்போது ஒரு தண்டு சுத்துது பாருங்க, அதுலேருந்து பலத்தை எடுத்து பிரேக்குக்குக் கொடுக்குறான். வேகமாப் போனா தண்டு வேகமாச் சுத்தும், சும்மா விரலை வச்சாலே நிக்கும். மெதுவாப் போனா தண்டு மெதுவாச் சுத்தும். பலம் எங்கேருந்து வரும்?"

சேதுராமன் காரைப் பார்த்தார்.

"அதுவும் சும்மா மெதுவா இல்ல" என்றார் தம்பிராஜா. "ஒரு மணி நேரம் பாய். காலை எடுத்தா தானே நகரும். அதனால ஒரு மணி நேரமும் நான் மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டேதான் வந்தேன்."

"அப்ப பிரேக்கு சூடேறிக் காய்ஞ்சு போயிருக்கும். சட்டியில கைய வச்ச மாதிரி. அப்புறம் எதுவும் பிடிக்காது." ஹமீது சிரித்தார். "ஊரை விட்டுப் போகப் போறவன் செஞ்ச காடி முதலாளி. ஓடத்தான் தெரியும்."

சேதுராமன் அன்று ஐந்தாவது கடிதத்தை எழுதினார். முன்னெழுதிய நான்கையும் போல அது மரியாதையாக இல்லை என்று கேள்வி. பன்னிரண்டு நாள் கழித்து ஹாலம் துரை மறுபடி வந்தார். சலிப்போடு வந்தார். மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள் என்றார்கள். சாலையில் ஒரு தடவை மெதுவாக ஓட்டினார், கார் நின்றது. இன்னொரு தடவை ஓட்டினார், நின்றது.

"பார்த்தீர்களா" என்பது போலக் கையை விரித்தார்.

தம்பிராஜாவுக்கு இங்கிலீஷ் வராது, துரைக்குக் கொஞ்சம் மலாய் வரும். "பெலான் லாகி, துவான்" என்றார் தம்பிராஜா. இன்னும் மெதுவாக, துரை. துரைக்கு அதற்கு மேல் மெதுவாக ஓட்டத் தெரியவில்லை. ஐந்து நிமிஷத்தில் அவர் கால் தானாக வேகத்தை அழுத்திவிடும். யாருக்குமே தெரியாது, முன்னால் மேளம் போகாவிட்டால்.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் தம்பிராஜாதான். "முதலாளி, மேளம் வேணும். மேளம் இல்லாம அந்த நடை வராது."

ஆள் அனுப்பி நல்லையாவைக் கூப்பிட்டார்கள். நல்லையா விஷயத்தைக் கேட்டுவிட்டு நாயனத்தை உறையிலிருந்தே எடுக்கவில்லை.

"மாப்பிள்ளை யாரு?"

"மாப்பிள்ளை இல்ல. சும்மா ஊர்வலம்."

"பொண்ணு?"

"அதுவும் இல்லய்யா. துரை ஓட்டுறாரு, அவ்வளவுதான்."

"காலிக் காடிக்கு முன்னால மங்கள வாத்தியம் வாசிக்கச் சொல்றீங்க. எங்க வாத்தியார் இருந்தா நாயனத்தை என் தலையில உடைச்சிருப்பாரு."

சேதுராமன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நல்லையா நகரவில்லை. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராத்திரிக்குள் அவர் சிங்கப்பூர் போக வேண்டும். இன்று போனால் பிறகு வரமாட்டார், காகிதத்தில் பழைய வரியே நிற்கும். தம்பிராஜா எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து சிவகாமசுந்தரி வந்தாள். "மாரியம்மனுக்குப் புடவை சாத்துறதா நான் வேண்டிக்கிட்டிருக்கேன். இன்னைக்குக் கொண்டு போறோம். பழத்தட்டு, பூ எல்லாம் காடியில வருது. அம்மன் புடவைக்கு மேளம் வாசிப்பீங்கல்ல?"

நல்லையா யோசித்தார். "எப்ப வேண்டிக்கிட்டீங்க?"

"இப்ப."

நல்லையா நாயனத்தை உறையிலிருந்து உருவினார்.

கல்யாணத்தன்று போன வழியிலேயே சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவதாக, மூன்றரை மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. வாடகைத் தவில்காரர் ஒருவரை பக்கத்திலிருந்த உஜோங் பாசிரிலிருந்து கூட்டி வந்தார்கள். அவர் முதல் முச்சந்தி வரும் வரைக்கும் காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அடித்தார். ஹமீது ஒரு ஏற்பாடு செய்திருந்தார்: மேளத்துக்கும் காருக்கும் நடுவில் ஒரு கைவண்டி, அதில் உமி மூட்டைகள், இரண்டு ஆட்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். காரில் துரை. பக்கத்தில் தம்பிராஜா. பின்னால் சிவகாமசுந்தரி, அவள் மடியில் பட்டுப் புடவை. துரைக்கு நேர் பின்னால் ஜெயா. அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளே வந்து ஏறிக்கொண்டாள்.

நடராஜனும் வந்தார். மாவுக்கட்டோடு திரிஷா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் உட்கார்ந்து காருக்குப் பக்கத்திலேயே வந்தார். "அவன் குடிக்கலைன்னா அதை நான் என் கண்ணால பார்க்கணும்" என்று சொல்லி வந்திருந்தார். தம்பிராஜாவிடம் பேசவில்லை.

காஜா பேராங் செட்டி வீடுகளைத் தெரியுமில்லையா? சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், பேச்சு மலாய். அந்த வீட்டுப் பெண்கள் மேளச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தார்கள். துரையைப் பார்த்தார்கள். "பெங்காந்தின் மானா?" என்று ஒருத்தி கேட்டாள், மாப்பிள்ளை எங்கே என்று. இன்னொருத்தி துரையைக் காட்டினாள். அப்புறம் இரண்டு பேரும் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

முதல் முச்சந்தியில் மேளம் நின்று திரும்பியது. கார் நின்றது. துரை தம்பிராஜாவைப் பார்த்தார். இரண்டாவது முச்சந்தியிலும் நின்றது. நாற்பது நிமிஷம் ஆயிற்று. துரையின் காது சிவந்துபோயிருந்தது. அந்த நடைக்குக் காரைப் பிடித்து வைப்பது எவ்வளவு பாடு என்று அப்போதுதான் தெரிந்தது. வலது கால் நடுங்க ஆரம்பித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கருகிய நாற்றம் லேசாக வந்தது. நல்லையா ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு விட மனசில்லாமல் நின்று நின்று வாசித்தார். வாடகைத் தவில்காரரும் பயம் தெளிந்து கையைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

பாலம் வந்தது. மேளம் இறங்கியது, நின்றது, திரும்பியது.

துரை மிதித்தார். பிறகு மறுபடி மிதித்தார். கார் போய்க்கொண்டே இருந்தது. துரை இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு முதுகைப் பின்னால் கொடுத்து எழும்பினார், இருக்கை முனகியது.

"இதேதான்" என்றாள் ஜெயா பின்னாலிருந்து.

கார் உமி மூட்டையில் போய் முட்டியது. ஒரு மூட்டை பிரிந்து உமி பறந்து, நல்லையாவின் தலைமேலெல்லாம் விழுந்தது. அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. பாதி உருப்படியில் நிறுத்தினால் அம்மனுக்கு ஆகாது. தம்பிராஜா கையை நீட்டிக் கைப்பிரேக்கை இழுத்தார்.

துரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு பின்னால் நகர்த்திக்கொண்டு போய் இன்னொரு தடவை மெதுவாக இறக்கிப் பார்த்தார். மறுபடியும் உமி பறந்தது. மூன்றாவது தடவை பார்க்கவில்லை. இறங்கி, தோல் பையிலிருந்து கடிதக் கோப்பு ஒன்றை எடுத்துப் புரட்டி, அதில் ஒரு கடிதத்தைச் சேதுராமனிடம் காட்டினார். ஈப்போவில் ஒரு சீனச் சுரங்க முதலாளி எழுதியது. அவருக்கும் இதே கார். அப்பாவின் சவ ஊர்வலத்தில், முன்னால் போன சவ வண்டியில் இடித்துவிட்டது என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தின் மூலையில் துரை தன் கையாலேயே குறித்திருந்தார், ஓட்டுநர் கவனக்குறைவு என்று. துரை அதை மறுபடி படித்துவிட்டுக் கோப்பை மூடினார்.

பிறகு காரின் முன்மூடியில் ஒரு காகிதத்தை வைத்து எழுதினார். சேதுராமன் எட்டிப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "இந்த மாதிரிக் காடியை ஊர்வலத்துக்கு விடக் கூடாது, நடை வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டுறதுக்கு இது ஏற்பட்டதில்லைன்னு எழுதுறாரு."

"என் பேரு இருக்கா?" என்றார் தம்பிராஜா.

"உன் பேரு எதுக்குப்பா? காடியைப் பத்தித்தானே எழுதுறாரு."

தம்பிராஜா துரையிடம் போய் மலாயில் அதையே கேட்டார். துரை அது தேவையில்லை, காரைப் பற்றிய அறிக்கை இது என்றார். தம்பிராஜா அந்தக் காகிதத்தின் மேல், எழுதாமல் விட்டிருந்த இடத்தில், ஒரு விரலை வைத்தார். முன்மூடி கொதித்துக்கொண்டிருந்தது. விரலை எடுக்கவில்லை.

துரை சேதுராமனைப் பார்த்தார். இந்த இடத்தில் சேதுராமன் என்ன செய்வார் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தக் காரைப் பற்றி அவர் ஊரில் ஒரு குறை சொன்னதில்லை. சாலையில் அரை காஜா பேராங் நின்றுகொண்டிருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தமிழிலேயே சொன்னார்.

"நாலு கடுதாசி எழுதியிருக்கேன் இந்தக் காடியைப் பத்தி. கண்ணாடி ஏறல, தொடைப்பான் சுத்தல, தண்ணி கொதிக்குது, கதவு திறக்குது. இப்ப பிரேக்கும் பிடிக்கல. டிரைவர் மேல தப்பு இல்லைன்னு துரை எழுதட்டும். எழுதினப்புறம்தான் இங்கேருந்து யாரும் நகர்றது." அதையே இங்கிலீஷில் துரையிடம் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்.

துரை எழுதினார். தம்பிராஜா என்ற பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். அந்த நிலையில் எந்த ஓட்டுநராலும் நிறுத்தியிருக்க முடியாது என்று ஒரு வரி. கீழே கையெழுத்து.

தம்பிராஜா காகிதத்தை எடுத்துக்கொண்டு திரிஷாவுக்கு வந்தார். நடராஜனிடம் நீட்டினார்.

"எனக்கு இங்கிலீசு தெரியுமா?" என்றார் நடராஜன். "நீ வச்சுக்க. நான்தான் பார்த்துக்கிட்டே வந்தேனே." காரைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். "ஏன் தம்பிராஜா, துரைக்கும் பானகம்தான் கொடுத்தாங்களா?"

தம்பிராஜா சிரித்துவிட்டார். கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. நடராஜன் அதைப் பார்க்காதது போல வாடகைத் தவில்காரரைக் கூப்பிட்டு, அவர் கடைசியாக வாசித்தது சரியில்லை என்று திட்ட ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் மேசையைத் திறந்து லைசென்ஸைக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை அவர் இரண்டு தடவை படித்தாராம். ஆல்டர்மியர் வைத்திருந்த எல்லாருக்கும், மலாயாவிலும் சிங்கப்பூரிலும், கம்பெனி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கல்யாணம் என்றோ சாவு என்றோ அதில் இல்லை, 'சடங்கு சார்ந்த உபயோகம்' என்று இருந்தது. சேதுராமன் அதையும் அலமாரியில் வைத்தார். ஆனால் பூட்டவில்லை. கார் கேட்டு வந்தவர்களுக்கு எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் அம்மன் புடவை இன்னும் கோயிலுக்குப் போய்ச் சேரவில்லை. கார் அதற்கு மேல் வராது என்று ஹமீது சொல்லிவிட்டார். ஆறட்டும், அப்புறம் யாராவது மெல்ல வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம் என்றார். சிவகாமசுந்தரி இறங்கினாள். புடவைத் தட்டை ஜெயா வாங்கிக்கொண்டாள், பழத்தட்டை எடுக்க ஆள் இல்லை. நல்லையா தலையிலிருந்த உமியைத் தட்டிவிட்டு நாயனத்தை வாயில் வைத்தார்.

எல்லாரும் நடக்க ஆரம்பித்தார்கள். சாலை நடுவில் பச்சைக் காரும் துரையும் மட்டும் நின்றார்கள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பாலத்தின் இறக்கத்தைப் பார்த்தார். கூட்டத்தின் பின்னால் நடக்கப் போன தம்பிராஜாவைக் கூப்பிட்டுச் சாவியை நீட்டி, காரை வீட்டில் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார்.

தம்பிராஜா காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"லைசென் தக் அடா, துவான்" என்றார். லைசென்ஸ் இல்லை, துரை, ஸ்டேஷனில் இருக்கிறது என்றார். பின் இருக்கையிலிருந்து பழத்தட்டை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, மேளத்தின் பின்னால் நடந்து போனார்.